வெள்ளியில் ஒரு குடல்வால்

என் மகள் ரொசாலி கடைசிப் படியிலிருந்து குதிப்பதை நிறுத்தினாள். எங்களுக்குத் தெரிந்த முதல் அறிகுறி அதுதான்.

சைகோனில், கான் ஹொய் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகச் சுங்கத்தில் குமாஸ்தா. காரைக்காலில் கல்யாணம் முடிந்த கையோடு என்னைக் கப்பலேற்றி இங்கே கூட்டிவந்தவர். ரொசாலி இங்கேதான் பிறந்தாள், எங்களுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்குப் புறப்படும்போது எல்லாப் படியிலும் ஒழுங்காக இறங்குவாள். கடைசிப் படியிலிருந்து மட்டும் இரண்டு காலையும் சேர்த்துத் தொப்பென்று குதிப்பாள். கீழ்க்கடைச் சீனர் தினமும் முகம் சுளிப்பார்.

ஒரு காலையில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மெல்ல ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதில் பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஏதாவது வந்து, எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தவித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. கன்னியர் மடத்தில் கொஞ்சம் தமிழும் கொஞ்சம் பிரெஞ்சும் படித்தவள். கண்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டில் சமையலுக்கு இருந்த, இந்த மண்ணைச் சேர்ந்த அன்னாமியப் பெண்ணைச் சீ ஹாய் என்று கூப்பிடுவோம். அவர்கள் பேச்சில் பெரிய அக்கா என்று பொருள். பிள்ளை சாப்பிடாமல் தட்டை நகர்த்துவதை முதலில் கவனித்தவள் அவள்தான். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "தௌ புங்" என்றாள். தௌ புங் என்றால் வயிற்றுவலி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வயிற்றுவலிக்கு அதுதான் பெயர்.

"பூச்சியாத்தான் இருக்கும் ஞானம். நாள் முழுக்க இனிப்பு திங்கிறா பாரு" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. மருந்துக்கடையில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தோம். வலி போயிற்று. பிறகு வந்தது. மறுபடி போயிற்று. கணக்குப் பாடம் உள்ள நாட்களில்தான் வலிக்கிறது என்று பள்ளிக் கன்னியர் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மழைக்காலம் தொடங்கி அது விடும் வரைக்கும் இப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் வாந்தி எடுத்தாள். மாலைக்குள் உடம்பு கொதித்தது. வலது முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு படுத்தாள். நீட்டச் சொன்னால் அலறினாள். என் கணவர் ஒரு மருத்துவரை அழைத்துவந்தார்.

அவர் பிள்ளையின் வயிற்றில், வலதுபக்கம் கீழே, விரல்களை வைத்து மெல்ல மெல்ல அழுத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். பிறகு அவர் சட்டென்று கையை எடுத்தார். அப்போது அவள் போட்ட கூச்சலில் சீ ஹாய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அழுத்தும்போது எல்லா வயிறும் வலிக்கும், மதாம். கையை எடுக்கும்போது வலித்தால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம்" என்றார் மருத்துவர். "இப்போதே கிளம்புங்கள்."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் கணவருடையது பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். வாசலில் எங்கள் நிறத்தைப் பார்த்து நிறுத்தினார்கள், காகிதத்தைப் பார்த்து உள்ளே விட்டார்கள். சீ ஹாயை விடவில்லை. அவள் வெளியே மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு கன்னியாஸ்திரி வந்து ரொசாலியின் தோடு, கழுத்திலிருந்த மாதா பதக்கம், இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி என் கையில் போட்டார். அந்த அரைஞாணில் அவளுடைய காய்ந்த தொப்புள்கொடி வைத்த தாயத்து இருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் அதை யாரும் விட்டதில்லை. அவள் உடம்பிலிருந்து முதலில் விழுந்த துண்டு அது. அதைக் கையில் மூடிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றேன்.

அங்கேதான் நேர்ந்துகொண்டேன். "வேளாங்கண்ணித் தாயே, எம் புள்ளைக்கி உள்ள எது கெட்டுப்போச்சோ, அதக் கொணமாக்கிக் குடு. அத வெள்ளியில செஞ்சி ஒங் காலடியில வக்கிறேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண் குணமானால் வெள்ளியில் கண், கால் குணமானால் கால், இப்படி அந்தந்த உறுப்பைச் செய்து மாதாவுக்குக் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம். மாரியம்மனுக்குச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் குணமான பிறகுதான் வைக்க வேண்டும். குணமாகுமுன் வைத்தால் அது நன்றி ஆகாது, பொய்யாகிவிடும் என்று என் அம்மா சொல்லியிருக்கிறார். பின்னால் இது என்னை எப்படிக் கட்டிப்போடும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தபோது ஈத்தர் (மயக்கம் கொடுக்க மோந்து பார்க்கவைக்கும் மருந்து) வாடைதான் முதலில் வெளியே வந்தது. அறுவை மருத்துவர் உயரமானவர், சிரிக்காதவர், ஆனால் நல்ல மனிதர். "எடுத்துவிட்டோம். வெடிக்கவில்லை" என்றார். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் போலத் தொங்கும் ஒரு சிறு வால் உண்டு, அதுதான் குடல்வால், அது இல்லாமலும் மனிதர் வாழலாம் என்று விளக்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அறுவைக்குப் பிறகு பிள்ளை படும் பாட்டில் பெரியது வலி அல்ல, தாகம். இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றலாம். ரொசாலி அந்தப் பஞ்சைப் பல்லால் கவ்விச் சப்பினாள். கன்னியாஸ்திரி பிடுங்கிப் போட்டார்.

"அம்மா, நீ தண்ணி குடிச்சிட்டுத்தானே வந்த? வாயக் காட்டு" என்றாள் என்னிடம்.

காட்டினேன். என் நாக்கு ஈரமாக இருந்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கும் வரை நானும் குடிப்பதை நிறுத்தினேன். அதனால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எனக்கு இருந்தது.

காலையில் அந்த மருத்துவர் இளம் மருத்துவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் தாய்மாரைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பிள்ளையின் போர்வையை விலக்கி, வயிற்றைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருப்பார். அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சீ ஹாய் கொண்டுவந்த கஞ்சியை அவள் குடிக்கத் தொடங்கிய சமயத்தில், மருத்துவர் எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. உள்ளே தண்ணீர் போன்ற ஒன்றில் வெளிறிப்போன ஒரு சிறு வால். நுனியில் பட்டாணியைவிடச் சிறிய ஒரு முடிச்சு, லேசான மஞ்சள்.

"ஆய்வுக்கூடத்தில் அதை மெல்லிசாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இந்த நுனியில் இருப்பது ஒரு கட்டி" என்றார். அதற்குக் கார்சினோயித் (புற்றுப் போலத் தெரிந்தாலும் மிக மெதுவாக வளரும் கட்டி) என்று பெயர் சொன்னார். பிள்ளைகளிடம் அபூர்வமாம். குடல்வாலை வேறு காரணத்துக்காக எடுத்துப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் அகப்படுமாம். நுனியில் மட்டும்தான் இருக்கிறது, தாம் வெட்டிய அடிப்பகுதி சுத்தமாக இருக்கிறது, மறுபடி அறுக்க வேண்டியதில்லை என்றார்.

"அப்படியென்றால் குணமாகிவிட்டதா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் நம்புகிறேன், மதாம்."

"நம்புகிறீர்களா, தெரியுமா?"

என் கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். மருத்துவர் கோபப்படவில்லை. "இது மெதுவாக வளரும் ஜாதி. சில வருடங்கள் போகட்டும். அவளை என்னிடம் கூட்டிவாருங்கள். அப்போது குணம் என்று நானே சொல்கிறேன்" என்றார்.

அந்தத் துண்டை எங்களிடம் தரச் சொல்லிக் கேட்டேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் புதைத்துவிடுவோம், என் பிள்ளையின் மாமிசம் அல்லவா என்றேன். அவர் முடியாது என்று தலையை அசைத்தார். இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அது தேவை என்றார். சாடியைத் தூக்கி அலமாரியில், மற்றச் சாடிகளுக்கு நடுவில் வைத்தார். கதவைச் சாத்தும்போது கண்ணாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

தாழ்வாரத்தில் என் கணவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இத யார்கிட்டயும் மூச்சு விடாத. புள்ளைக்கிட்ட அறவே வேணாம். அந்த நோய்ப் பேரு நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது." சரி என்றேன். எங்கள் ஜனத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பிள்ளை வீடு திரும்பிய பிறகு பத்தரிடம் போனேன். செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் நடத்தும் கிட்டங்கிகள் இருக்கும் தெருவில் அவர் பட்டறை. செட்டிநாட்டுக்காரர். மாரியம்மன் கோயிலுக்கும் செய்வார், எங்கள் மாதா கோயில்காரர்களுக்கும் செய்வார். காரைக்கால்காரியான என்னை ஆச்சி என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

"கண்ணு இருக்கு, காலு இருக்கு, வயிறு இருக்கு. கொடல்வாலுக்கு எங்கிட்ட அச்சு இல்லீங்களே ஆச்சி" என்றார். "வயித்தையே வச்சிரலாமே?"

"வயித்துல ஒண்ணுமில்ல பத்தரே. வால்லதான்."

அவர் பலகைமேல் தவிட்டைப் பரப்பி, வரைந்து காட்டச் சொன்னார். சாடியில் பார்த்ததை விரலால் வரைந்தேன். சுண்டுவிரல் நீளம், கொஞ்சம் வளைவு, நுனியில் முடிச்சு. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த நுனியில உள்ளது கட்டிதானுங்களே? அத வச்சுச் செய்யவா, வைக்காமச் செய்யவா?"

நான் வரைந்த முடிச்சை நானே குனிந்து பார்த்தேன். கண் காணிக்கை செய்கிறவர்கள் நல்ல கண்ணைத்தான் செய்கிறார்கள், பூ விழுந்த கண்ணை யாரும் செய்வதில்லை. ஆனால் அந்தக் கண் முகத்தில் திரும்ப நன்றாகிவிடுகிறது. என் பிள்ளையின் குடல்வால் நன்றாகவில்லை, அது இல்லாமலே போய்விட்டது. நல்ல வால் ஒன்று இனி எங்கேயும் கிடையாது. இருப்பது சாடிக்குள் இருப்பதுதான்.

"வச்சே செய்யுங்க. எத எடுத்தாங்கன்னு மாதாவுக்குத் தெரியணும்" என்றேன்.

பத்தர் சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்வார். வெள்ளி வாலும் அதன் நுனியில் வெள்ளிக் கட்டியும் அச்சு அசலாக இருந்தன. வாங்கி, துணியில் சுற்றி, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தேன். பூட்டும்போதுதான் புரிந்தது. எதை வீட்டுக்குள் பெயர்கூடச் சொல்லக்கூடாது என்று ஒப்புக்கொண்டேனோ, அதையே வெள்ளியில் வார்த்துக் கொண்டுவந்து சேலைக்கு அடியில் படுக்கவைத்திருக்கிறேன்.

மருத்துவர் குணம் என்று சொல்லட்டும், அதன்பிறகு கொண்டுபோய் வைக்கலாம் என்று காத்திருந்தேன். அடுத்த வெயில்காலத்தில் ஒருநாள் என் கணவர் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தத் தொக்தர் இன்னிக்கி பிரான்சுக்கு, மார்செய் கப்பல்ல கெளம்பிட்டாரு. இனிமே திரும்பி வரமாட்டாராம்."

"அந்தச் சாடி?"

"பெட்டியெல்லாம் எங்கிட்டதான் வந்துச்சி. ஒரு பெட்டி நெறைய வைக்கோலு. கண்ணாடிச் சாமான்னு எழுதியிருந்துச்சி." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "தெறக்கச் சொல்லல ஞானம். சாக்கட்டியால குறி போட்டு அனுப்பிட்டேன்" என்றார்.

அவர் அழுததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். ஆற்றில் கப்பல் சங்கு ஊதியது. அன்றிலிருந்து எந்தக் கப்பல் ஊதினாலும் என் கை வயிற்றின் வலப்பக்கத்துக்குப் போய்விடும். என் பிள்ளையின் ஒரு துண்டு எனக்குத் தெரியாத ஊரில், தெரியாத அலமாரியில் இருக்கிறது. குணம் என்று சொல்ல வேண்டியவரும் அதோடு போய்விட்டார்.

அவருக்குப் பின் வந்தவரிடம் ரொசாலியைக் கூட்டிப்போனேன். வயிற்றைத் தடவிப் பார்த்து, ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார். குணமா என்றேன். "அறுத்தவர்தான் சொல்ல வேண்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் வணக்கம் சொல்லாமலே வெளியே வந்தேன்.

பிள்ளை வளர்ந்தாள். தழும்பும் அவளோடு நீண்டது. அவள் சாப்பிடுவதை, உட்கார்வதை, எழுந்திருப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டில் சோறு மிஞ்சினால், "தௌ புங்?" என்று கேட்பேன். "இல்லம்மா" என்பாள். எப்போது கேட்டாலும் இல்லம்மா. மற்றப் பிள்ளைகளுக்கு மாங்காய் தின்றால் வயிறு வலிக்கிறது, எனக்குக் கடவுள் கொடுத்த பிள்ளைக்கு வயிற்றுவலியே வருவதில்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்வேன்.

ஆனால் பீரோ என்னை ஆறுதலாக இருக்க விடவில்லை. சைகோன் ஈரத்தில் வெள்ளி சீக்கிரம் கறுத்துவிடும். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் பட்டுச்சேலைகளை வெயில் காட்ட எடுக்கும்போது துணியைப் பிரித்துப் பார்த்தேன். வால் முழுக்கக் கறுத்திருந்தது. நுனியிலிருந்த கட்டி மட்டும் பளபளவென்று மின்னியது.

துணியில் ஏதோ கோளாறு என்று வேறு துணியில் சுற்றினேன். அடுத்த வருடமும் அப்படியே. வால் இன்னும் கறுப்பு, கட்டி புதுசு. அது உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சிரிக்காதீர்கள். பகலில் நானும் சிரித்துக்கொள்வேன். என் கணவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் துணியை மூடி, "தூக்கிக் கடல்ல போடு" என்றார். போட முடியுமா? மாதாவுக்கு என்று சொன்னது.

இடையில் ஒருமுறை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டு வேளாங்கண்ணிக்குப் போனேன். ரொசாலி என் பக்கத்தில், மெழுகுவர்த்தி பிடித்தபடி நின்றாள். கூட்டம் நெருக்கித் தள்ளி என்னைக் காணிக்கைத் தட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. தட்டு நிறையக் கண்ணும் காலும் இதயமும். முடிச்சை அவிழ்த்தேன். யார் குணம் என்று சொன்னார்கள்? தாயின் காலடியில் பொய் சொன்னால் அந்தப் பொய் பிள்ளையின் தலையில் அல்லவா விழும்? முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டேன். பின்னால் நின்ற பெண் எரிச்சலோடு, "வைக்கிறதுன்னா வைய்யி, இல்லன்னா நகரு" என்றாள். நகர்ந்தேன்.

அன்று ரொசாலி ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரொசாலிக்குக் காரைக்காலில் மாப்பிள்ளை அமைந்தது. பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குடும்பம். அறுவை நடந்ததை அவர்களிடம் சொன்னோம். அறுத்ததில் என்ன கிடைத்தது என்பதைச் சொல்லவில்லை. ஊரில் என் அண்ணன் முன்னின்று நடத்துவதாக ஏற்பாடு. புறப்படுவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், நானும் அவளும் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். பீரோவிலிருந்து பட்டுச்சேலையை நான் எடுக்கப்போனபோது அவள் எனக்கு முன்னால் கையை விட்டு, அடியிலிருந்த துணிச் சுருளை எடுத்தாள். தேடவே இல்லை. அது இருக்கும் இடம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

"இது நாங் கொண்டுபோறேம்மா" என்றாள்.

"அது என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"கொடல்வாலு. என்னோடது. நுனியில கட்டி." துணியைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "கார்சினோயித்."

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் ஏதோ பூவின் பெயரைப் போலச் சொன்னாள்.

"யாருடி சொன்னா?"

"தொக்தர்தான். காலையில எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து எங்கட்டிலச் சுத்தி நின்னுக்கிட்டு பாடம் எடுத்தாரே. நா இஸ்கோல்ல பிரான்சே பாஷ படிச்சவதானம்மா. எனக்கு வெளங்காதுன்னு அவரு நெனச்சாரு. நீங்க ரெண்டு பேரும் வெளியில போயிப் பேசிட்டு வந்தீங்க. எனக்குத் தெரியக்கூடாதுன்னு வெளங்குச்சி. அதான் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

ஒன்பது வயதுப் பிள்ளை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பிள்ளை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் பேசும்போது கட்டைவிரல் வெள்ளியின் நுனியைத் தடவிக்கொண்டே இருந்தது. மெல்ல, வட்டம் வட்டமாக. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அது மட்டும் கறுக்கவே இல்ல..." என்றேன்.

"ஆமா. வயிறு வலிச்சா சாவிய எடுத்துத் தெறந்து, இதத் தடவிப் பாப்பேன். பெருசாயிருக்கான்னு." சிரித்தாள். "சின்னப் புள்ளையில அப்டி ஒரு நெனப்பு. இது பெருசாவலன்னா உள்ளயும் பெருசாவலன்னு. அப்பறம் அதே பழக்கமாப் போச்சி."

"வயிறு வலிச்சிச்சா? எப்ப வலிச்சிச்சி? எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லயே!"

"மாங்கா தின்னா வர்ற வலிதாம்மா. எல்லாருக்கும் வர்றதுதான். ஒருதடவ சொன்னேன், ஒனக்கு ஞாபகமில்ல. ஒம் மூஞ்சி போன போக்கப் பாத்தேன். அதுக்கப்பறம் சொல்லல."

நான் சேலையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். நோய்க்காக அழவில்லை. இத்தனை வருடமும் என் பிள்ளை ஒரு சாதாரண வயிற்றுவலியைக்கூட என்னிடம் சொல்ல முடியாமல், பூட்டிய பீரோவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் அவளைக் காவல் காத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைக் காவல் காத்திருக்கிறாள்.

அழுது முடித்து, பத்தரிடம் கொடுத்து அந்த நுனியை அராவி எடுத்துவிடலாம் என்றேன். அவள் கையை மூடிக்கொண்டாள்.

"வேணாம். அதுவும் என்னோடதுதான்."

"கொணமாயிடுச்சின்னு யாரும் சொல்லலியேடி. எப்டி வப்ப?"

"அந்தத் தொக்தர் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்தா அவரு செத்தே போயிருப்பாரு. என் வயிறு, நாஞ் சொல்றேன். இன்னிக்கி வலிக்கல." என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அதச் சொல்லி வக்கிறேன். பொய் இல்லியே அது?"

இல்லை. அதில் பொய் இல்லை. எனக்கு அது இத்தனை வருடத்தில் தோன்றவே இல்லை.

புறப்பட்ட நாளில் அவள் படியிறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கடைசிப் படியிலும் மெல்லக் காலை ஊன்றி இறங்கினாள். கல்யாணத்துக்குப் போகிற பெண் குதிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மாடியிலிருந்து கேட்டுவிட்டேன்.

"தௌ புங்?"

அண்ணாந்து பார்த்தாள். "இல்லம்மா. சேல தடுக்குது." பிறகு, "இனிமே வலிச்சா எழுதுறேன். நீ பயப்படாமப் படிக்கணும்" என்றாள்.

மூன்று பேருக்குக் கப்பல் கூலி கட்டுப்படியாகாததால், என் கணவர் மட்டும் அவளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். அவர் திரும்பும் வரை நானும் சீ ஹாயும்தான் வீட்டில். துறையில் நின்று கையசைத்தபோது எனக்கு வலது அடிவயிற்றில், அவளுக்குத் தழும்பு இருக்கும் அதே இடத்தில், சுருக்கென்று ஒரு வலி வந்தது. கப்பல் ஆற்று வளைவில் மறையும் வரை இருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டினேன். எனக்கு ஒன்றும் இல்லையாம்.

அவளுடைய முதல் கடிதம் கல்யாணம் முடிந்து வந்தது. வேளாங்கண்ணியில் வெள்ளியை வைத்தாகிவிட்டது, தட்டில் இது என்ன உறுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை, ஒருவர் மிளகாய் என்றாராம். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். கடைசியில் ஒரு வரி: "போன வாரம் வயிறு வலித்தது. பலாப்பழம் தின்றேன்."

அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பயந்தேன். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். என் பிள்ளை தனக்கு வயிறு வலித்ததை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

குணமாகும் நாள் எது என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மருத்துவரைக் கேளுங்கள், அவர் நம்புகிறேன் என்றால் நீங்களும் நம்புங்கள். பிள்ளையிடம் பேசுங்கள். அவர்களுக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

எனக்கு நாட்கள் இப்போது வேறு மாதிரி நகர்கின்றன. அவள் கடிதம் கடல் தாண்டி வர வாரக்கணக்காகிறது. அவளுக்கு வலித்து, தீர்ந்து, அவள் மறந்தும் போயிருப்பாள். அதற்குப் பிறகுதான் அந்த வலி எனக்கு இங்கே தொடங்கும். நான் இன்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடுக்கடலில் எந்த வரி வந்துகொண்டிருக்கிறதோ தெரியாது.

ஆற்றில் சங்கு ஊதுகிறது. சீ ஹாய் அடுப்படியிலிருந்து எட்டி என்னைப் பார்க்கிறாள். என் கை வலப்பக்கம் போய்விட்டது. மெல்ல அழுத்துகிறேன். பிறகு கையை எடுக்கிறேன்.